முன் சீட்டிலிருந்து வந்த பதில்

இன்னைக்குக் கருமத்தம்பட்டி பஸ்ல, நீட் எழுதப்போற மகளுக்குப் புக்கைப் பார்த்துக் கேள்வி கேட்டுட்டு வந்தேனுங்க. நான் பத்தாவதோட நின்னவன். ஆனாலும் விடையைக் கட்டைவிரல்ல மறைச்சு, பெரிய வாத்தியாராட்டம்.

ஒரு கேள்வியைப் பாதிகூடப் படிக்கலீங்க. முன் சீட்டுப் பொண்ணு திரும்பாமயே, "இதயத்தோட இடது கீழறை"ன்னுச்சு.

விரலை எடுத்துப் பார்த்தேன். சரி.

"அடுத்தது சிறுநீரகங்க."

பக்கத்தைத் திருப்புனேன். சிறுநீரகமேதான்.

"ஏனுங்க அம்மணி, டாக்டருங்களா?"

"இல்லீங்க. இன்னும் எழுதிட்டுத்தான் இருக்கேன்."

அந்தப் பொண்ணு இறங்கறப்பத்தான் முகத்தைப் பார்த்தோம். என் மக போட்டிருக்கிற மாதிரியே கண்ணாடி, அதே கோச்சிங் சென்டர் பை. நெத்தியோரம் மட்டும் நரை.

மகளைப் பார்த்துச் சிரிச்சு, "பரீட்சையில பார்க்கலாம் கண்ணு"ன்னு இறங்கிப் போயிருச்சு.

மக மெதுவா, "அப்பா, ரெண்டு வாட்டிக்கு மேல என்னை எழுத உடாதீங்க"ன்னா.

சரின்னு தலையாட்டிப்போட்டேன். சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் 'டாக்டரோட அப்பா'ன்னு ஏற்கெனவே பீத்திக்கிட்டவன் நான்.

டாக்டரை உட்டா வேற என்ன படிக்கலாம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. கமெண்ட்ல வேண்டாம், மக பார்ப்பா. இன்பாக்ஸ்ல வாங்க.