மலையம்மாள் சொல்ல மறுத்த ஒரு வரி

மலையம்மாளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். புதுவயல் அரிசி மில்லில் அவளோடு நெல் காயவைத்த பெண்கள் எல்லாருக்கும் இது தெரியும். காரைக்குடி மாதர் சங்கத்துச் செயலாளர் விசாலம் ஆச்சிக்குத்தான் தெரியாமல் போயிற்று.

மானகிரியிலிருந்து வாக்கப்பட்டு வந்த நாள் முதல் அவளுக்கு அந்த மில்தான் பிழைப்பு. அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, உச்சி வெயிலில் காலால் துழாவிக்கொண்டே நடக்க வேண்டும். பாதம் பொரிந்துபோகும் அந்த வேலையில் கதை சொன்னால்தான் பொழுது நகரும். மலையம்மாள் சொல்வாள், மற்றவர்கள் ‘உம்’ கொட்டுவார்கள். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். களத்தில் அதுதான் வழக்கம்.

எழுபத்திரண்டாம் வருடம், மில் பெண்களின் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம் கட்டச் சங்கம் முடிவு செய்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் இடம். நல்ல எண்ணம்தான், குறை சொல்வதற்கில்லை. மில் முதலாளி இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆண்டு விழா மேடையில் மலையம்மாள் பிள்ளையைப் பறிகொடுத்த தன் கதையைச் சொன்னால் கேட்பவர் மனம் இளகும் என்று ஆச்சி நாலு பக்கம் எழுதிவந்து வாசித்துக் காட்டினார்.

ஒரே தடவைதான் கேட்டாள், முழுவதும் மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு வரி மட்டும் உறுத்தியது: ‘என் அறியாமையால் குழந்தையை நெல் ஊறும் தொட்டிக்குப் பக்கத்தில் விட்டுவிட்டேன்.’

“நான் அறியாம விடலையே ஆச்சி. ஏன் இப்படி எழுதியிருக்கீக?”

“தெரியும் மலையம்மா. மொதலாளி முன்வரிசையில இருப்பாக. அவுகளச் சங்கடப்படுத்தினா இடம் கைவிட்டுப் போயிரும். முப்பது பிள்ளைகளுக்காக ஒரு வரி சொல்லக் கூடாதா?”

முப்பது பிள்ளைகள் என்றதும் மலையம்மாள் சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளே பழியையும் சுமக்க வேண்டுமாம், அதுவும் சமத்துவத்தின் பேரால்!

விழாவன்று மேடையேறி முதல் மூன்று பக்கத்தையும் பிசகாமல் சொன்னாள். யாரும் உம் கொட்டவில்லை. மூச்சுக் காட்டக் கூடாது என்று கடைசி வரிசையில் இருந்த களத்துப் பெண்களிடம் ஆச்சி கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார். அந்த வரி வந்தது. மலையம்மாள் நிறுத்தினாள். அவள் குரல் தாழ்ந்தது.

“நாலு வருசமாச்சு. எம்மக கருப்பிக்கு அப்ப ரெண்டு வயசு. வெயிலுக்குப் பயந்து மில்லுத் தாழ்வாரத்துல படுக்கப் போட்டிருந்தேன்.”

“உம்” என்றாள் கடைசி வரிசையில் காளியாயி.

“அங்குட்டுத் தண்ணிப் பானை இருக்கு, ஒங்க தெருப் பிள்ளை கைபட்டா யாரு குடிக்கிறதுன்னு மேஸ்திரி வெரட்டுனாரு.”

“உம்.” இப்போது நாலைந்து குரல்கள்.

“வேற நெழலு தொட்டி ஓரத்துலதான் இருந்துச்சு. நெல்லைத் துழாவிட்டு வந்து பாத்தா, பிள்ளை தண்ணியில மெதக்குது. நான் அறியாம விடலை. வெரட்டிவிட்டாக.”

இந்தத் தடவை எழுந்த உம் மண்டபம் முழுக்கக் கேட்டது. முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

மறுநாள் ஆச்சி கண்கலங்கி வந்தார். “பேசுனது தப்புன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா இடம் தாராகளாம்.”

“செத்தது எம்புள்ள ஆச்சி. அந்த வார்த்தைய அவுகதான சொல்லணும்?”

அதற்கும் அடுத்த நாள், பெண்கள் எல்லாரும் பிள்ளைகளோடு மில்லுக்கு வந்தார்கள். பிள்ளைகளைத் தாழ்வாரத்தில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, அவர்கள் அங்கேயே இருந்தால்தான் களத்தில் கால்வைப்போம் என்று ஓரமாக நின்றார்கள். அவித்த நெல் ஆவி பறக்கக் குவிந்து கிடந்தது. உடனே பரப்பாவிட்டால் நாற்றமெடுத்து அத்தனையும் வீணாகும். மேஸ்திரி கத்தினார், எல்லாரையும் வேலையை விட்டே நிறுத்துவேன் என்று குதித்தார். ஒருத்தியும் அசையவில்லை. வெயில் ஏறியது. கடைசியில் மேஸ்திரி முதலாளியிடம் ஓடிப்போய்க் கேட்டு வந்து, தண்ணீர்ப் பானையைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு களத்தின் மறுபக்கம் நடந்தார்.

மலையம்மாள் அவரை வழிமறித்தாள்.

“இதை நாலு வருசத்துக்கு முந்தியே தூக்கி வச்சிருக்கலாம்ல மேஸ்திரி?”