ராகுகாலத்தில் எழும்பிய கணினி

கணினி எழும்பத் தாமதித்தால் அது என் பிழைதான் என்று எனக்கு இப்போதும் தோன்றும். லினக்ஸ் இயந்திரங்களை எழுப்பிவிட்டுச் சம்பளம் வாங்கும் ஒருத்திக்கு இது நல்ல குணமல்ல.

அப்போது எனக்குப் பதினொரு வயது. சுன்னாகத்தில் எங்கள் வீட்டுக் கணினியில் லினக்ஸ் போட்டவள் கம்பஸில் படித்துக்கொண்டிருந்த அக்கா. அதற்கு முன்னால் உட்கார்ந்து பெருமைப்பட்டவர் அப்பா. இடப்பெயர்வில் அக்காவின் சாதகக் கொப்பி தொலைந்துபோனதால், திரும்பக் கணித்து கணினிக்குள் தட்டி வைத்திருந்தார். வெளிநாட்டு மாப்பிள்ளை ஒன்று பொருந்தி வந்தது. கலியாணம் தையில் என்றார்கள். அக்காவின் கடைசிப் பரீட்சை பங்குனியில். அவளை யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தரகர் வந்தார்.

"ஐயா, பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னம் சாதகத்தை அடிச்சுத் தாங்கோ. பெடியன்ரை மாமா பதினொரு மணி பஸ்ஸிலை கொழும்புக்குப் போறார்."

அப்பா சுவிச்சைப் போட்டார். வழக்கமாக ஒரு நிமிடத்தில் எழும்பும் கணினி, டிஸ்க்கை முழுதாகச் சோதிக்காமல் அசையமாட்டேன் என்று கறுப்புத் திரையோடு நின்றது. நூற்றுக்கு மூன்று வீதம். நான்கு வீதம்.

"உது என்ன பிள்ளை செய்யுது?"

"தன்னைத்தானே சோதிக்குதப்பா. இடையிலை நிப்பாட்டினா உள்ளுக்கை இருக்கிறதெல்லாம் போயிடும்," என்றாள் அக்கா.

தரகர் எட்டிப் பார்த்தார். "என்ரை மோட்டச்சைக்கிள் ஒரு உதையிலை ஸ்டார்ட் வரும். உது கந்தோர்க் கிளாக்கர் மாதிரியெல்லோ ஒவ்வொரு பைலாப் பிரட்டுது!"

அம்மா திருநீறு கொண்டுவந்து திரையின் நெற்றியில் பூசினார். நாற்பத்தொரு வீதம் வந்தது. தன்னால்தான் என்று அம்மா இன்றுவரை நம்புகிறார்.

நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். முதல்நாள் பின்னேரம் களவாக விளையாடிக்கொண்டிருந்தபோது அப்பாவின் சைக்கிள் மணி கேட்க, முறைப்படி நிறுத்தாமல் பிளக்கைப் பிடுங்கியிருந்தேன். அப்படிச் செய்தால் அடுத்தமுறை சோதிக்கும் என்று அக்கா எச்சரித்திருந்தாள்.

அறுபத்தேழு வீதத்தில் பத்தரை ஆனது. "உடுவிலிலை ஒரு சாதகம் கடுதாசியிலையே இருக்கு, வாறன்," என்று தரகர் கிளம்பினார். அந்தச் சம்பந்தமும் அவரோடு போனது. நான் அழுதுகொண்டே குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அப்பா தலையில் ஒரு குட்டு வைத்தார். பத்தே முக்காலுக்குக் கணினி ஒன்றுமே நடக்காததுபோல எழும்பியது.

இந்தத் தொழிலைப் படித்தபோதுதான் விளங்கியது. பிளக்கைப் பிடுங்கிய பிழையை, அந்த வியாழக்கிழமை பின்னேரமே அக்கா திரும்பக் கணினியை இயக்கியபோது அது திருத்தி முடித்திருக்கும். எத்தனை தடவை எழும்பினால் ஒருமுறை முழுதாகச் சோதிக்க வேண்டும் என்று டிஸ்க்குக்கு ஓர் எண் உண்டு; முப்பதுபோல இருக்கும். அதை ஒன்று என்று மாற்ற ஒரு வரி தட்டினால் போதும்; அடுத்தமுறை எழும்பும்போது கட்டாயம் சோதிக்கும். நீதானா மாற்றினாய் என்று அக்காவிடம் கேட்டேன்.

"ஓம், அதுக்கு இப்ப என்ன?" என்றாள். பரீட்சை எழுதி, விரும்பியவரைக் கட்டி, இன்று கம்பஸிலேயே படிப்பிக்கிறாள்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் ஐஸ்கிறீம் வாங்கித் தந்தாள்.

"இன்னொண்டு வேணுமோடி?"

இவ்வளவு பெரிய குற்றத்தை ஒரே நாளில் மன்னித்துவிட்டாளே என்று இரண்டாவதையும் அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன்.