தாமிரபரணிக்காகத் தேக்கிய தாகம்

நான் தச்சநல்லூர்க்காரன், ஓய்வு பெற்ற ஆசிரியர். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். பணிப்பெண் தண்ணீர் நீட்டும்போதெல்லாம் வேண்டாம் என்று தலையாட்டினேன். "ஊருக்குப் போயி நம்ம தண்ணியக் குடிச்சுக்கிடுதேன்" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். தண்ணீர் குடித்தால் அடிக்கடி எழ வேண்டுமே என்ற சோம்பலும் உண்டு. நாள் முழுக்கப் பறந்ததில் நான் எழுந்தது ஒரே முறை.

வீட்டில் பெட்டிகளை இறக்கியதும், காப்பிகூடக் குடிக்காமல், எங்களை அழைத்துவர வந்திருந்த மைத்துனரோடு ஆற்றுக்கு ஓடினேன். மார்பளவு நீரில் நின்றபோது இடது கெண்டைக்காலைக் குரக்குவலி இறுக்கியது. காலை ஊன்ற முடியாமல் சாய்ந்தேன். ஆசைப்பட்ட தண்ணீர் மூக்கு வழியாக உள்ளே போனது. மைத்துனர்தான் தோளைப் பிடித்துப் படிக்கு இழுத்தார்.

"கால மடக்காதிய அத்தான், நீட்டுங்க" என்று பாதத்தை முழங்கால் பக்கமாகப் பைய வளைத்தபடியே, "பிளேன்ல தண்ணி குடிச்சியளா?" என்றார்.

"இல்ல. ஆத்துத் தண்ணிக்காக இருந்தேன்."

"நல்லா இருந்திய! ஆறே உங்களக் குடிச்சிருக்கும்."

அதன்பிறகு இருமுறை அமெரிக்கா போய் வந்துவிட்டேன். விமானத்தில் கொடுக்கிற தண்ணீரையெல்லாம் குடிக்கிறேன். உட்கார்ந்தபடி பாதங்களைச் சுழற்றுகிறேன், அவ்வப்போது எழுந்து நடக்கிறேன். குரக்குவலி எட்டிப் பார்க்கவில்லை. ஊர் வந்த அன்று வீட்டில்தான் குளியல். ஆறு எங்கேயும் போய்விடாது. அன்று போகப் பார்த்தது நான்தான்.