குடிக்காத எலியும் உப்பளத்து உள்ளானும்

அஞ்சாங்கிளாஸோடு நின்றவள் நான். வாக்கியம் கோணலாகப் போகும். பாதி விஷயம் மறந்தும் போகும். இந்தப் பத்திரிகையில் வாராவாரம் பொறுத்துக்கொள்கிறீர்கள்... இந்த வாரமும் அப்படித்தான்.

எங்கள் மரக்காணம் உப்பளத்தில் குடிதண்ணீர் கிடையாது. வீட்டிலிருந்து கேனில் கொண்டுபோவது பத்து மணிக்கே தீர்ந்துவிடும். அப்புறம் மெயின் ரோட்டுக் குழாய்தான். போய்வர அரைமணி நேரம். போனால் மேஸ்திரி முகம் கடுகடுவென்றாகிவிடும்.

போன திங்கட்கிழமை, என்னோடு உப்பு சுமக்கும் நூர்ஜான் கூடையை இறக்கிவிட்டுக் கேட்டாள்.

"மேஸ்திரி, ஷெட்டாண்ட ஒரு டிரம் தண்ணி வெச்சா என்னாங்க? நாக்கு ஒட்டிக்கிது."

மேஸ்திரி சிரித்தார். "நேத்து டிவில பாத்தியா? பாலைவனத்துல ஒரு எலியாம். ஆயுசுக்கும் ஒரு சொட்டு தண்ணி குடிக்காதாம். இத்துனூண்டு எலியே தாங்குது. உங்களுக்கு என்னாம்மா?"

பாருங்கள் — படித்தவர்கள் பாலைவனம் வரை போய்ப் படம் பிடித்து, அது மரக்காணம் வந்து சேர்ந்தது எதற்காக? எங்களுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்வதற்காக!

ஆண்கள் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறவள் நான். ஆனால் அந்த நிகழ்ச்சியை நானும் பார்த்திருந்தேனே! முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"அந்த எலி பகல்லாம் வளைக்குள்ள தூங்குதுங்க மேஸ்திரி. வெயில் போனப்புறம்தான் வெளியவே வருது. எங்களையும் அப்பிடி வுட்டுடுங்க, தண்ணி கேக்க மாட்டோம்."

"யக்கா, நீயா பேசுன!" என்றாள் நூர்ஜான்.

பக்கத்துப் பாத்தியில் சிவப்புக்கால் உள்ளான் பறவை ஒன்று, எங்களைப் போலவே உப்புத்தண்ணீரில் நின்றது. வந்த தைரியம் போவதற்குள் அதையும் காட்டினேன்.

"எங்கள ஜோடி சேக்கணும்னா இத்தோட சேருங்க. தாகம் எடுத்தா ஏரிக்குப் பறந்துடுது. உங்களாண்ட பர்மிஷன் கேக்கறதில்ல."

அந்த நேரம் உள்ளான் பறந்திருந்தால் எடுப்பாக இருந்திருக்கும். அது அசையவில்லை. ஒற்றைக்காலில் நின்றபடி மேஸ்திரியையே பார்த்தது.

அவர் ஷெட் பக்கம் நடந்துவிட்டார். புதன்கிழமை ஷெட் வாசலில் ஒரு நீல டிரம். மேலே மூடி, சொம்பு.

ஆனால் எனக்கு ஓர் உறுத்தல். எலி வளைக்குள் படுத்த இடத்தில் எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. வெயில் போனபிறகு வரும் என்பது நானாகச் சேர்த்தது. உள்ளான் ஏரிக்குத் தண்ணீர் குடிக்கத்தான் போகிறதா... யார் கண்டது?

விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்து எழுதுங்கள். மேஸ்திரிக்கு டிவிதான், பத்திரிகை படிக்க மாட்டார்; ஆனால் யாராவது படித்துச் சொல்லிவிடுவார்கள். நான் சொன்னது சரி என்றால் உடனே எழுதுங்கள். தப்பு என்றால்... வெயில்காலம் முடிந்து எழுதினால் போதும்.