காக்கைச் சோறும் கூகைக் குஞ்சும்

என் சமையலறையில் விளிம்பு நெளிந்த பித்தளைத் தட்டு ஒன்று இருக்கிறது. அறுபதுகளின் கடைசியில் கொத்தமங்கலத்தில் நான் பள்ளி ஆசிரியையாக இருந்தபோது, குடியிருந்த வீட்டின் சொந்தக்கார ஆச்சி காக்கைக்குச் சோறு வைத்த தட்டு அது. முன்தெருவிலிருந்து பின்தெரு வரை நீண்ட அந்தப் பெரிய வீட்டில் அவரும் மகளும் மட்டுமே இருந்தார்கள். இறந்துபோன கணவரை நினைத்து நடுமுற்றத்து ஓட்டில் தினமும் சோறு வைப்பார். காக்கை எடுத்த பிறகுதான் சாப்பிடுவார். பசி தாங்காத மனுஷிதான், ஆனாலும் காத்திருப்பார்.

மகளுக்கு அந்த வீட்டிலேயே கல்யாணம் என்று நிச்சயமானபோது, முற்றத்தை ஒட்டிய பரணில் கூகை என்கிற ஆந்தை ஜோடி ஒன்று குஞ்சு பொரித்திருந்தது. கொல்லை வேம்பில் காக்கைக் கூடு. இருட்டினால் கூகை காக்கைக் குஞ்சைத் தூக்கும். விடிந்தால் காக்கைகள் கூகையைக் கொத்தும். எனக்கு இரண்டின்மேலும் எரிச்சல்தான். ஆச்சியின் கணவருக்குத் தம்பி முறையான பங்காளி ஒருவர் வந்து, "கூகை இருக்கிற வீட்ல முகூர்த்தமா? அதைக் கலைச்சாத்தான் நாங்க வந்து நிப்போம்" என்றார். பங்காளிகள் வந்து நிற்காமல் அங்கே கல்யாணம் நடக்காது. ஆச்சி அசரவில்லை. "அதுக ஒண்ணையொண்ணு கொல்லுதுக. அதுல நாம எதுக்குக் கட்சி சேரணும்? குஞ்சு பறந்துட்டா அதுகளே போயிரும். நீங்களும் வருவீக, பாருங்க" என்றார்.

மறுநாள் காலையில், சோற்றுக்குக் கூடிய காக்கைகள் தாமதமாகத் திரும்பிய ஆண் கூகையைப் பார்த்துவிட்டுச் சூழ்ந்து கொத்தின. ஆச்சி கையிலிருந்த தட்டை அவற்றின்மேல் வீசினார். அது கல்தூணில் மோதி நெளிந்தது. கூகை முற்றத்தில் செத்து விழுந்தது. "நாந்தானே டீச்சர் சோறு வச்சு இதுகளக் கூப்பிட்டேன்" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நாள் அவர் செய்ததை ஊரே குறை சொன்னது. வீட்டுப் பெரியவருக்கு உரிய சோற்றை வாசல் தாண்டி ஊருணிக் கரைக்குக் கொண்டுபோனார். ஒரு காக்கையும் வரவில்லை. அந்த வழியாக வந்த பங்காளி, "பாத்தீகளா, அண்ணனுக்கே பிடிக்கல" என்றார். "பிடிக்கிற வரைக்கும் நிக்கிறேன்" என்றார் ஆச்சி. பட்டினியாகவே வீடு திரும்பினார். மறுநாளும் போனார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றேன். உச்சிவெயிலில் ஒரு கிழட்டுக் காக்கை வந்து, தட்டின் நெளிந்த விளிம்பிலேயே உட்கார்ந்து தின்றது. ஆச்சி வாய்விட்டுச் சிரித்தார். "இங்குட்டும் வந்துட்டாக, பாத்தீகளா டீச்சர்!"

செய்தி ஊரெல்லாம் பரவியது. அண்ணனே ஏற்றுக்கொண்டபின் தம்பியும் கல்யாணத்துக்கு வந்து நின்றார். முகூர்த்தத்தின்போது பரணில் கூகைக் குஞ்சு சீறியது. பங்காளி ஒருமுறை மேலே பார்த்துவிட்டு அட்சதையைப் போட்டார்.

எனக்கு மாற்றல் வந்தபோது ஆச்சி அந்தத் தட்டைக் கொடுத்தார். போன மாதத்திலிருந்து என் கணவருக்காக அதில் சோறு வைக்கிறேன். புறாவுக்காக வலை அடித்த பால்கனி இது, காக்கை வருவதில்லை. வீட்டிலேயே வைத்தால் போதும் என்கிறான் மகன். நாளைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு தெருமுனைப் பூங்காவுக்குப் போகப்போகிறேன். அவர் வருகிறவரை நிற்பேன்.