‘நாங்க’ ஞானசிகாமணி

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, தொண்டையை ஒரு தடவை செருமிய பிறகுதான் ஞானசிகாமணி எழுந்து நிற்பார். செகந்திராபாத்தில் உள்ள அந்தத் தமிழ்ச் சபையில் மாதத்தில் ஒரு ஞாயிறு சாட்சி சொல்லும் நாள். ஆண்டவர் தனக்குச் செய்ததை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். யார் வேண்டுமானாலும் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். மற்றவர்கள் எழுந்திருக்கலாமா என்று யோசிப்பதற்குள் இவர் பாதி சாட்சியை முடித்திருப்பார்.

“இந்த லெந்து காலத்துல நாங்க மீன விட்டுட்டோம். ஆண்டவருக்காவ எங்க ஆசைய வெறுத்துட்டோம்.”

மீன் அவருக்குப் பிடிக்காது. சின்ன வயதில் தொண்டையில் முள் சிக்கியதிலிருந்து அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. மீன் என்றால் உயிரை விடுகிறவள், பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி கனகம். அதற்கு முந்தைய வருஷத்து லெந்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பில், ‘நாங்க’ டிவியை விட்டோம். டிவி முன்னால் அவர் செய்ததெல்லாம் குறட்டை விட்டதுதான். சீரியல் பார்த்தது கனகம். இப்படி அவர் துறந்த சாமான்களைப் பார்த்தால், ஒன்றுகூட அவருடையது இல்லை. இத்தனை சுலபமான சிலுவையை யார்தான் சுமக்க மாட்டார்கள்!

சொந்த ஊர் தமிழ்நாட்டின் தென்கோடியில் உள்ள நாசரேத். பாலாநகர்ப் பக்கம் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் மின்கருவிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உப்பலில் அடுக்குமாடி வீடு, அதில் அவருடைய அறைக்கு மட்டும் ஏசி. பாதிரியாரை ஐயர் என்று சொல்லும் ஊர்ப்பழக்கம் இன்னும் விடவில்லை. “எங்க ஐயரு வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணிட்டுப் போனாரு” என்று லிஃப்டில் இவர் சொல்லப்போய், மேல்மாடி ராஜாராமன் தன் வீட்டு வருஷாப்திகத் திதிக்கு அந்த ஐயர் கிடைப்பாரா என்று கேட்டுவிட்டார். ராஜாராமனுக்கு விஷயம் புரிவதற்குள் லிஃப்ட் இரண்டு தடவை கீழே போய் மேலே வந்தது.

சிறைச்சாலை ஊழியத்துக்கு ஆள் வேண்டுமென்றால் “நாங்க போறோம்.” ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்து ஜெபிக்க வேண்டுமென்றால் “நாங்க இருக்கோம்லா.” பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவள் கனகம். வெள்ளிக்கிழமை உபவாசமும் ‘நாங்க’தான். கனகம் தண்ணீர்கூடக் குடிக்காமல் பள்ளிக்கூடம் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள். இவருக்குச் சர்க்கரை. அதனால் மாத்திரைக்காக இட்லி, இட்லிக்காகச் சட்னி, சட்னி மிஞ்சிப் போனதே என்று இன்னும் கொஞ்சம் இட்லி.

ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்த மகள் ஜெமிமாவுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் தெலுங்கில் வரும். ஒருநாள் தொலைபேசியில் யாரிடமோ அவர் “நாங்க சிறைச்சாலைக்குப் போயிட்டு வந்தோம்” என்று அளந்துகொண்டிருந்தபோது, அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “மேமு காது டாடி, அம்ம ஒக்கத்தே” என்றாள். நாங்கள் இல்லை, அம்மா ஒருத்திதான் என்று அர்த்தம். பிள்ளைக்குத் தமிழ் சரியாக வரவில்லை என்று அவர் தொலைபேசியில் வருத்தப்பட்டுக்கொண்டார்.

கனகம் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டது பயத்தால் அல்ல. நோயாளியின் கையைப் பிடித்து ஜெபிப்பது அவளுக்கு உண்மையாகவே பிடித்திருந்தது. யார் பெயரில் போனால் என்ன, போகிற இடத்தில் ஆண்டவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள். அவளுக்கென்று ஆசை ஒன்று உண்டு. உப்பலில், தொழிற்சாலைக் கூலிக்காரர்களின் பிள்ளைகள் படிக்கும் அவளுடைய சின்னப் பள்ளிக்கூடத்துக்கு இந்த ஜூனில் அவளைத் தலைமையாசிரியை ஆக்கப்போகிறார்கள். ஏழாம் வகுப்போடு பெண்பிள்ளைகளை நிறுத்திவிடும் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்ப் பேச வேண்டும் என்று வைத்திருந்தாள். பல வருஷமாக முழங்காலில் நின்று கேட்டது. கிடைத்தபோது, இது தன் ஆசை மட்டுமில்லை, தன்னை ஆண்டவர் வைத்த இடமும் இதுதான் என்று கனகத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இந்த நேரத்தில்தான் பாதிரியார் ஓர் அறிவிப்பு செய்தார். ஆதிலாபாத் காட்டுப்பக்கம் மிஷன் நடத்தும் பிள்ளைகள் விடுதியில் மோட்டார் அடிக்கடி படுத்துக்கொள்கிறது, வயரிங் எல்லாம் கந்தல். மின்வேலை தெரிந்த ஒருவர் அங்கேயே தங்கி இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டால் புண்ணியமாக இருக்கும், ஓய்வு பெற்றவராக இருந்தால் ரொம்ப நல்லது என்றார். பெயரைத்தான் சொல்லவில்லை. சபையில் பாதிப் பேர் திரும்பி ஞானசிகாமணியைப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம், கனகம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அவர் வந்து எதிரே உட்கார்ந்தார்.

“ஆண்டவர் எங்கிட்ட பேசிட்டாரு கனகம். ஆதிலாபாத்துக்கு நாங்க போறோம்.”

“நாங்கன்னா யாரு அத்தான்?”

“இது என்ன கேள்வி? நீயும் நானும்தான்.”

“அப்ப நாமன்னுல்லா சொல்லணும். எங்கிட்டயே ‘நாங்க’ன்னா, அதுல நான் இல்லையே.”

இலக்கணம் பேச அவருக்கு நேரமில்லை. திட்டத்தை விரித்தார். முதலில் கனகம் போய் இடத்தைச் சரிப்படுத்துவாள். அவளுக்குச் சமைக்கத் தெரியும், பாடம் சொல்லத் தெரியும். மோட்டாருக்கு அந்த ஊரிலேயே ஆள் அகப்படாமலா போவான்? சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் இவர் பின்னாலேயே வருவார். அது எப்போது கட்டுக்குள் வரும் என்பது மட்டும் திட்டத்தில் இல்லை. தலைமையாசிரியை வேலை வேண்டாமென்று திங்கட்கிழமை காலையில் அவரே பள்ளிக்கூடத்துக்கு வந்து பக்குவமாகச் சொல்லிவிடுவாராம். உலகப்பிரகாரமான ஆசையை ஒப்புக்கொடுத்தால் ஆண்டவர் இரட்டிப்பாகத் தருவார் என்று எச்சில் தெறிக்கப் பிரசங்கம் வேறு. ஆபிரகாம் மகனைப் பலிகொடுக்க மலைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது கூடவே நடந்தாவது போனார். இவர் அடிவாரத்திலேயே ஏசி போட்டுப் படுத்துக்கொண்டு, நீ ஏறு என்கிறார்.

கனகம் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

“நான் போகவேண்டிய எடத்த ஆண்டவர் உங்ககிட்ட ஏன் சொல்லுதாரு அத்தான்? எனக்கும் காது இருக்குல்லா.”

இதைப் பிசாசின் வேலை என்று முடிவுகட்டி, அவளுக்காக உருக்கமாக ஜெபித்துவிட்டு, மூன்று சப்பாத்தி சாப்பிட்டுத் தூங்கிப்போனார். நன்றாகத்தான் தூங்கினார். இத்தனை வருஷமும் அவள் ஏதாவது முணுமுணுப்பாள், பிறகு பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். இந்தத் தடவை மட்டும் என்ன மாறிவிடப்போகிறது?

மறுநாள் சாட்சி ஞாயிறு. ஊர்க்கோயிலில் என்றால் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இங்கே குடும்பம் குடும்பமாக பெஞ்சில் உட்காருவார்கள். நடைபாதை ஓரத்தில் கனகம், அவளுக்கு உள்பக்கம் அவர், அதற்கும் அப்பால் ஜெமிமா. கண்ணாடி துடைக்கப்பட்டது. தொண்டை செருமப்பட்டது.

“நாங்க எங்களையே ஒப்புக்கொடுக்குதோம். எங்க சொகத்த, எங்க பதவிய, எல்லாத்தையும் உதறிட்டு ஆதிலாபாத்துக்குப் போறோம்.” பதவி என்ற இடத்தில் அவர் குரல் தழுதழுத்தது. பின்வரிசையில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாதிரியாருக்கும் முகமெல்லாம் சந்தோஷம். முன்னால் வாருங்கள், கையை வைத்து ஜெபித்து அனுப்புவோம் என்று கூப்பிட்டார். சபை எழுந்து நின்றது.

ஞானசிகாமணி வழக்கம்போலக் கனகத்தின் முழங்கையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். “எந்திரிட்டி” என்றார், உதடு அசையாமல்.

கனகம் அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பெஞ்சில் இருந்த கைப்பையையும் வேதப்புத்தகத்தையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே இரண்டு முழங்காலையும் ஒருபக்கமாக ஒதுக்கி, ஓர் ஆள் போகிற அளவுக்கு வழி விட்டாள்.