பதினோராவது காரின் இடப்பக்கம்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு ஜுபைர் போன் செய்தான். "முரளிண்ணா, அப்பா தவறிட்டாரு. ஷெட்லயே." கூடவே, "உங்க வண்டி சாமான் நேத்து வந்துச்சு," என்றான்.

அவன் அப்பா நஜீர் அகமது திருத்தணியில் கார் மெக்கானிக். கரும்பு லாரிகள் ஓடும் சாலைகளில் கார்களின் லோயர் ஆர்ம் அடிக்கடி வளையும். சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடிக்கும் இரும்புக் கை அது. ஆறு வருடம் முன்பு அதன்மேல் தடித்த இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்து தந்தார். மொத்தம் பதினொரு கார்கள். ஒன்றுகூட அப்புறம் வளையவில்லை.

போன வருடம் அந்தப் பதினொன்றில் ஒன்றான வேதாசலத்தின் காரில், அவரோடு மணவூருக்குப் போனார் பாய். திருவாலங்காடு தாண்டி ஒரு வளைவு, வளைவு முழுக்கப் பள்ளம். சக்கரம் எகிறி எகிறி, கார் திரும்பாமல் நேராக நெல்வயலில் இறங்கியது. யாருக்கும் அடியில்லை. வேதாசலம் சேற்றில் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாய், நீங்க போட்ட ஆர்ம பாருங்க, அப்படியே கீது!"

அதைக் கழற்றிப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தார் பாய். ஏழரைக் கிலோ. புதியது நான்கு.

"ஸ்பிரிங்குக்கு மேல எத்தினி பேர் உக்காந்தாலும் அது தாங்கிக்கும்," என்று என்னிடம் சொன்னார். "கீழ கனம் ஏத்தினா, பள்ளத்துல எகிறின சக்கரம் சட்டுனு தரைய புடிக்காது. தரைல இல்லாத சக்கரத்த திருப்பிக்கினு இன்னா பண்றது? இது ஒண்ணுதான் காரணம்னு சொல்லல. இதுவும்தான்."

அன்றே பதினொரு பேரையும் கூப்பிட்டார். பட்டையை அறுத்தால் ஆர்ம் பலவீனப்படும் என்று புதிதாகவே வாங்கி மாட்டினார். டாக்ஸி ஓட்டும் பச்சையப்பன் எல்லார் முன்னும் கேட்டார்: "போட்டதும் நீ, கழட்டறதும் நீயா பாய்?"

"ஆங். வேற மெக்கானிக் கழட்டினா சிரிப்பான்."

பத்து கார்கள் முடிந்தன. பதினோராவது என்னுடையது. மூன்று முறை தள்ளிப்போட்டேன். நன்றாகத்தானே ஓடுகிறது என்றேன். "ஓடறதுக்கு இன்னா, திரும்பணும் இல்ல?" என்றார்.

சனிக்கிழமை கொண்டுபோனேன். வலப்பக்கம் மாற்றினார். அரக்கோணத்திலிருந்து வந்த இரண்டு ஆர்ம்களும் வலப்பக்கத்துக்கானவையாக இருந்தன. இடப்பக்கத்துக்கானது வந்துவிடும் என்று திங்கள் காலை வரச் சொன்னார். திங்களன்று ஆபீஸில் ஆடிட். நான் போகவில்லை.

அடக்கத்துக்கு அந்தக் காரில்தான் போனேன். மெதுவாகத்தான் ஓட்டினேன்.

சரியான ஆர்ம் ஷெட் மேசையில் இருக்கிறது. சுற்றிய காகிதத்தில் அவர் கையெழுத்தில் என் கார் நம்பர். காரின் இடப்பக்கச் சக்கரம் இன்னும் கழற்றப்படவில்லை.